பழையதில் புதுமை கண்ட யோகோய்

துப்பாக்கி என்றாலே குண்டு பாயும் என்றுதான் எண்ணுவோம். ஒளியைப் பாய்ச்சும் துப்பாக்கியும், ஒளியை வாங்கிக்கொள்ளும் துப்பாக்கியும் உண்டு என்றால் வியப்பாக இல்லையா? அந்த இரண்டோடும் தொடர்புடைய ஜப்பானியர் குன்பெய் யோகோயின் வாழ்வை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1941 ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் பிறந்த யோகோய், அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்றார். பெரிய நிறுவனங்களில் இடம் கிடைக்கவில்லை. 1965 இல், சீட்டுக்கட்டு தயாரித்து வந்த நின்டெண்டோவில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைதான் கிடைத்தது. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளான எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. பட்டம் பெற்ற பிள்ளை திருப்புளி பிடித்தால் ஊர் என்ன பேசும் என்ற அச்சம் எங்கள் வீட்டிலும் உண்டு.

யோகோய் சோர்ந்துவிடவில்லை. ஓய்வு நேரத்தில், நீண்டு சென்று பொருளைப் பற்றும் கை ஒன்றை விளையாட்டாகச் செய்தார். அதைக் கண்ட தலைவர் யமௌச்சி, அதையே விற்பனைப் பொம்மையாக்கச் சொன்னார். 1966 இல் வெளிவந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பின்னர் ஷார்ப் நிறுவனத்தின் மசாயுகி உயெமுரா சூரிய மின்கலங்களை விற்க வந்தார். மின்சாரம் தரும் அப்பொருளில் யோகோய் ஓர் இலக்கைக் கண்டார். துப்பாக்கியில் சிறு விளக்கு, இலக்கில் மின்கலம். ஒளி சரியாகப் பட்டால் பொம்மைப் போத்தல் சிதறி விழும். 1970 இல் வந்த இத்துப்பாக்கி பெரும் வரவேற்பைப் பெற்றது. அடுத்து, பௌலிங் கூடங்களில் ஒளித்துப்பாக்கி அரங்குகள் அமைத்தனர். 1973 எண்ணெய் நெருக்கடியால் அம்முயற்சி முறிந்து, நிறுவனம் கடனில் மூழ்கியது.

1972 இலேயே அமெரிக்காவில் ரால்ஃப் பேர் உருவாக்கிய 'ஒடிஸி' தொலைக்காட்சி விளையாட்டுக் கருவிக்குத் துப்பாக்கி இருந்தது. 1984 இல் நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' கருவிக்கும் துப்பாக்கி வந்தது. அதற்கான 'டக் ஹண்ட்' என்னும் வாத்து வேட்டை ஆட்டத்தை யோகோயின் பிரிவு ஆக்கியது. இங்கே முறை தலைகீழ்! துப்பாக்கி ஒளியை உமிழாது. விசையை அழுத்தியதும் திரை நொடிப்பொழுது கறுக்கும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழலில் உள்ள ஒளியுணர் டையோடு இருளை அடுத்து வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் வேகத்தை நம்பிய ஏற்பாடு இது. தாமதித்துப் படம் காட்டும் இன்றைய தட்டைத் திரைகளில் அத்துப்பாக்கி குருடாகிவிடுகிறது.

மலிந்து பழகிப்போன நுட்பத்தைப் புதிய வேலைக்குப் பயன்படுத்துவதே யோகோயின் கொள்கை. வண்ணமில்லாத் திரையுடன் 1989 இல் அவர் தந்த 'கேம் பாய்' உலகையே வென்றது. 1995 இன் 'விர்ச்சுவல் பாய்' தோற்றது. 1996 இல் விலகித் தனி நிறுவனம் கண்டவர், 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில், 56 ஆம் வயதில் மறைந்தார்.

விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தான் புதுமை பிறக்கும் என்று ஏங்கும் நம் போன்றோர்க்கு அவர் வாழ்வு ஒரு பாடம். ஒரு விளக்கும் ஒரு மின்கலமும் நம் ஆய்வுக்கூடத்திலும் இருக்கின்றன. கிடைத்த வேலை சிறியதென்று கை கட்டி நிற்காமல், அந்த இடத்திலிருந்தே சிந்திக்கத் தொடங்குவோம்!