வைத்தியர் குருண்ட்சிக் சரிதம்

மக்கள் யாக்கையுள் இரவு பகல் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு இருதயம். உடலெங்கும் குருதியைச் செலுத்தும் அவ்வுறுப்பிற்கும் உணவாகக் குருதி வேண்டுமன்றோ? அதனைக் கொண்டு சேர்ப்பன, இருதயத்தின் மேற்புறத்தே கொடிபோற் படர்ந்து கிடக்கும் கரோனரித் தமனிகளாம். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உடைய இக்குழாய்களின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகுமாயின் மார்பில் நோவு தோன்றும். வழி முற்றும் அடைபடுமாயின் இருதயத் தசை மடியும். மார்பைப் பிளவாமலே, ஒரு சிறு பலூனைக் கொண்டு இவ்வடைப்பை விரித்துத் திறக்கலாம் என்று உலகிற்குக் காட்டியவர் ஆந்திரேயாஸ் குருண்ட்சிக் என்னும் ஜெர்மானிய வைத்தியர். வடசென்னையில் வாழும் நம்மிற் பலர்க்கு அவர் பெயர் புதிது. அவர் தந்த சிகிச்சையோ புதிதன்று. துறைமுகத்திற் சுமை இறக்குவோர், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் இரவு முறை பார்ப்போர், காசிமேட்டில் வலை இழுப்போர் ஆகியோர் இல்லங்களிலெல்லாம் பலூன் வைத்த செய்தியும் ஸ்டென்ட் வைத்த செய்தியும் இன்று அன்றாடப் பேச்சாகிவிட்டன. ஆதலின் அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

குருண்ட்சிக் 1939-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 25-ஆம் நாள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிற் பிறந்தார். அவர் பிறந்த சில திங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பள்ளி ஆசிரியராயிருந்த தந்தை அப்போரிலே மறைந்தார். தாய் இரு புதல்வரையும் தாங்கிப் பல இடர்ப்பட்டார். பிழைப்பை நாடி அர்ஜென்டினா நாட்டிற்கு மக்களோடு கடல் கடந்து சென்று, அங்கும் நிலைகொள்ளாது ஜெர்மனிக்கே மீண்டார். லைப்சிக் நகரின் புகழ்பெற்ற தோமா பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்த குருண்ட்சிக், அங்கே சிறப்புறத் தேறினார். பின்னர்க் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே சென்று, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று 1964-இற் பட்டம் பெற்றார்.

அதே 1964-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சார்லஸ் டாட்டர் என்னும் வைத்தியர் ஒரு புதுமை செய்தார். கால் அழுகும் நிலையிலிருந்த 82 வயது மூதாட்டியின் காற்றமனியுள் மெல்லிய குழல்களை ஒன்றன்மேலொன்றாகச் செலுத்தி, அடைப்பை அகலச் செய்து, அக்காலைக் காத்தார். அமெரிக்கர் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பியர் சிலரே கற்றனர். 1969-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழக மருத்துவமனையை அடைந்த குருண்ட்சிக்கும் அச்சிலருள் ஒருவரானார். ஆயினும் டாட்டர் முறையில் ஒரு குறை உண்டென்பதை அவர் கண்டார். அடைப்பை அகற்றத் தடித்த குழல் வேண்டும். தடித்த குழல் நுழையப் பெரிய துளை வேண்டும். சிறிதாய் நுழைந்து, உரிய இடத்தை அடைந்தபின் பெரிதாகும் கருவி ஒன்று இருப்பின் எத்துணை நலமாகும் என்று அவர் எண்ணினார்.

அக்கருவி பலூனே என்பது தெளிவு. அதனைச் செய்வதுதான் அரிதாயிற்று. சாதாரண ரப்பர்ப் பலூன் கடினமான அடைப்பை நெருக்காது, எதிர்ப்பில்லாத பக்கத்திற் புடைத்துக்கொள்ளும். எல்லையின்றிப் பெருத்துக் குழாயையே கிழித்துவிடும். குறித்த அளவே விரிந்து, அதற்குமேல் விரியாமல், தன் வலியையெல்லாம் அடைப்பின்மேற் செலுத்தும் பலூனே வேண்டியதாயிற்று. பகலெல்லாம் மருத்துவமனையிற் பணியாற்றிய குருண்ட்சிக், இரவில் தம் வீட்டு அடுக்களை மேசையை ஆய்வுக்கூடமாக்கினார். மனைவியார் மிக்கேலாவும், உதவியாளர் மரியா ஷ்லும்ப்பும் உடனிருந்து உதவினர். ரசாயனப் பேராசிரியர் ஹைன்ரிக் ஹாப்ஃப் என்பார் பி.வி.சி. என்னும் பொருளை அவர்க்கு அறிமுகஞ் செய்தார். அப்பொருளாலான நுண்குழாயைச் சூடாக்கி ஊதி, வேண்டிய வடிவும் அளவும் பெறச் செய்தார். பலமுறை தோற்றபின் பலூன் உருவாயிற்று. 1974 பிப்ரவரியில் அதனைக் காற்றமனியிற் பயன்படுத்தி வெற்றி கண்டார்.

கால் வேறு, இருதயம் வேறு. காலின் குழாயைச் சிறிது நேரம் அடைத்தாற் கால் பொறுக்கும். கரோனரித் தமனியை அடைத்தால் இருதயம் எத்துணை நேரம் பொறுக்கும்? ஆதலின் முதலில் நாய்களிடத்தே சோதித்தார். 1976-இல் அமெரிக்காவின் மயாமி நகரிற் கூடிய இருதய வைத்தியர் பேரவையில் அம்முடிவுகளைப் படங்களாக வைத்தார். கண்டோருள் ஐயுற்றவர் பலர், நம்பியவர் சிலர். 1977 செப்டம்பர் 16-ஆம் நாள் சூரிக்கில் ஒரு நோயாளி அதற்கு இசைந்தார். வைத்தியர்க்கும் வயது 38; நோயாளிக்கும் வயது 38. அறுவை நிபுணர் ஓக்கே சென்னிங் இடமளித்தார்; தீங்கு நேரின் உடனே மார்பைத் திறக்க அறுவைக் குழு ஆயத்தமாய் நின்றது. நோயாளி விழித்திருக்கவே பலூன் தமனியுட் சென்றது, விரிந்தது, சுருங்கியது. வழி திறந்தது. பத்தாண்டு கழிந்தபின் படமெடுத்து நோக்கியபோதும் அத்தமனி திறந்தே இருந்தது.

இவ்வெற்றியினும் நாம் பெரிதாகப் போற்றுவது பிறிதொன்று. 1979-இல் தம் முதல் 50 நோயாளிகளின் கணக்கை அவர் வெளியிட்டார். அவருள் 32 பேர்க்கே முயற்சி பயன் தந்தது. ஐவர்க்கு உடனடி அறுவை வேண்டியதாயிற்று. மூவர்க்கு இருதயத் தசை கெட்டதற்கான அடையாளம் தோன்றிற்று. இவை யாவற்றையும் மறையாது எழுதினார். 1978 முதல் பிற நாட்டு வைத்தியரைச் சூரிக்கிற்கு அழைத்து, தாம் சிகிச்சை செய்வதை நேரே தொலைக்காட்சியிற் காணச் செய்தார். கை தவறினும், பலூன் தோற்பினும் அவையோர் அனைவரும் காண்பர் என்பதை அறிந்தே இதனைச் செய்தார். கற்பிக்கும் ஆசிரியன் தன் வெற்றியை மட்டும் காட்டுவானாயின் மாணாக்கன் அபாயத்தை அறியான். அறியாத கையோ பிறர் உயிரைப் போக்கும்.

அவ்வபாயம் யாதெனச் சிறிது விளக்குவோம். பலூன் அடைப்பை விரிக்கையில் தமனியின் உட்சுவர் சிறிது பிளத்தல் இயல்பு. அப்பிளவு பெருகின் குழாய் மடிந்து அடைபடும். அதனினும் கொடியது தமனி முழுதும் துளைபடுதல். இது நூற்றில் ஒருவர்க்கும் குறைவாகவே நேரும். நேரினோ நிமிடங்களிற் கொல்லும். இருதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. கசியும் குருதி அவ்வுறைக்குள் நிரம்பி இருதயத்தை வெளியிலிருந்து நெருக்கும். நெருக்குண்ட இருதயம் விரிந்து குருதியை ஏற்க இயலாது நிற்கும். திருவொற்றியூர் ஆலையொன்றிற் குழாய் உடைந்தால் வால்வை மூடிவிட்டுப் பழுது பார்க்கலாம். இருதயத்தை மூடிவைத்துப் பழுது பார்த்தல் ஒல்லுமோ? குருண்ட்சிக் காலத்தில் இதற்குப் பெருந்துணை அறுவை நிபுணர் ஒருவரே. இது பற்றியே அவர் அருகில் அறுவைக் குழுவின்றிப் பலூனைத் தொட அஞ்சினார்.

அவர்க்குப் பின்வந்தோர் இவ்விடரைத் தீர்க்க முயன்றனர். 1986-இல் துலூஸ் நகரின் ழாக் புயேலும் லோசான் நகரின் உல்ரிக் சிக்வர்ட்டும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழலை மனிதரின் கரோனரித் தமனியுள் முதன்முதல் வைத்தனர். பிளந்து மடியும் சுவரை அது தாங்கி நிறுத்திற்று. ஆயின் வலையாதலின் துளையை அடைக்கமாட்டாது. எனவே வலையின்மேற் போர்வை ஒன்று வேண்டியதாயிற்று. இரு வலைக்குழல்களுக்கிடையே மெல்லிய படலம் ஒன்றை வைத்து உறையிட்ட ஸ்டென்டைச் செய்தனர். அப்படலம் நம் வீட்டு ஒட்டாத தோசைக்கல்லிற் பூசப்படும் டெஃப்லான் இனத்தைச் சார்ந்ததே. 2001-இல் அமெரிக்க அரசு, வேறு வழியற்ற நோயாளிக்கென இரக்கமுறையில் இதனை அனுமதித்தது. இதனினும் மெல்லிய பாலியூரித்தேன் படலமிட்டது 2018-இல் அனுமதி பெற்றது.

துளை நேர்ந்தால் இன்று வைத்தியர் செய்யும் முறை இது. முதற்கண் பலூனைத் துளையின் நேரே மீண்டும் விரித்துக் கசிவைத் தடுப்பர். துளைத்த பலூனினமே காவலும் ஆகின்றது! உறையுள் தேங்கிய குருதியை மார்பெலும்பின் கீழ் ஊசி செலுத்தி வடிப்பர். பின்னர் உறையிட்ட ஸ்டென்டை அவ்விடத்தே விரிப்பர். மிதிவண்டி டியூபிற்கு வெளியிலிருந்து ஒட்டுப் போடுவோம். இஃது உள்ளிருந்தே போடும் ஒட்டு. படலம் சுவரோடு ஒட்டித் துளையை மூட, குருதி நடுவழியே ஓடும். இதற்கும் குறை உண்டு. அவ்விடத்திற் கிளைக்கும் தமனி இருப்பின் அதன் வாயும் மூடப்படும். தடிப்பு மிகுதியால் வளைவுகளிற் செல்லுதல் அரிது. பின்னாளிற் குருதி உறைந்து அடைபடும் அச்சமும் பிற ஸ்டென்டுகளினும் மிகுதி. ஆதலின் நோயாளி குருதி உறையாமைக்குரிய மருந்தை வழுவாது உண்ணல் வேண்டும். எனினும் கைவிடப்படத்தக்க உயிரை மீட்கும் கருவியின் குறையைப் பொறுத்தல் தகும்.

குருண்ட்சிக் 1980-இல் அமெரிக்கா சென்று அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்திற் பணி ஏற்றார். பெரும் புகழும் செல்வமும் அவரை அடைந்தன. விமானம் ஓட்டுதலில் அவர்க்கு விருப்பம் மிகுதி. 1985 அக்டோபர் 27-ஆம் நாள், தம் இரண்டாம் மனைவியாரோடு கடற்கரை இல்லத்திலிருந்து தம் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி அட்லாண்டாவிற்குத் திரும்புகையில், ஜார்ஜியா மாநிலத்தில் அது வீழ்ந்து நொறுங்க, இருவரும் மாண்டனர். அப்போது அவர்க்கு வயது 46. அவர்க்கு வழிகாட்டிய டாட்டரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். ஸ்டென்ட் மனிதரின் கரோனரித் தமனியுள் வைக்கப்பட்டதைக் காண இருவரும் இருந்திலர்.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1986-இல், அவர் முறை நம் நாட்டிற்கு வந்தது. அதனை இங்கு நிலைநாட்டிய முன்னோடியாகப் போற்றப்படுபவர், 2025 ஏப்ரலிற் காலமான வைத்தியர் மாத்யு சாமுவேல் களரிக்கல். அவர் எம்.டி. பயின்றது நம் இராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே என்பது நமக்குப் பெருமை தருவது. அக்கல்லூரியின் மருத்துவமனையை நம் பகுதி முதியோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். 1782-இற் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது என்பதே அப்பெயர்க்குக் காரணம். பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த இடத்தருகே இன்று ஏழைத் தொழிலாளர்க்கு இருதயக் குழாய் திறக்கப்படுகின்றது.

குருண்ட்சிக் வாழ்க்கையினின்று நாம் அறியத்தக்கது யாது? உயிர் காக்கும் கருவி உயிர் போக்கவும் வல்லது. அதுபற்றி அஞ்சி வாளாவிருந்திருப்பின் கோடிக்கணக்கானோர்க்கு இச்சிகிச்சை கிட்டியிராது. அபாயத்தை மறைத்து முன்னேறியிருப்பின், அதனைத் தீர்க்கும் வழியைத் தேடுவாரும் தோன்றியிரார். அவரோ இரண்டும் செய்திலர். துணிந்து செய்தார், நேர்ந்த தீங்கையும் எண்ணி எழுதி உலகின்முன் வைத்தார். அவர் ஒளியாது எழுதிய அத்தோல்விக் கணக்கைக் கண்டோரே பின்னர் ஸ்டென்டையும், அதன்மேற் போர்வையையும் கண்டனர். அவர் திறந்த தமனிகள் எத்துணை உயிரைக் காத்தனவோ, அவர் மறையாத உண்மையும் அத்துணை உயிரைக் காத்தது என்று துணிந்து கூறுவோம்.