கூடைப்பந்தின் தந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உலகில் எத்தனையோ விளையாட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை எந்தக் காலத்தில், எந்த ஊரில், யாரால் தொடங்கப்பட்டன என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை. நம் சடுகுடுவை முதலில் ஆடியவர் இன்னார் என்று எவரால் சுட்டிக்காட்ட இயலும்? கூடைப்பந்து அப்படிப்பட்டதன்று. அது பிறந்த மாதம் தெரியும். பிறந்த அறை தெரியும். பிறப்பித்தவர் பெயரும் தெரியும். அவர்தாம் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் எங்கள் கூடைப்பந்து அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. அவ்வணியின் மாற்று ஆட்டக்காரர்களுள் நானும் ஒருவன். திரும்பி வந்த பேருந்திலேயே, இனி மைதானத்துப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்து ஓராண்டு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுத்தான் இங்கு வந்து சேர்ந்தேன். மாலையில் பந்தோடு ஓடும் நேரத்துக்குத் தறியில் நின்றால் நாலு காசு கிடைக்குமே என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இதை எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னபோது அவர் அறிவுரை ஏதும் கூறவில்லை. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் கல்லூரிப் பயிற்றுநராக இருந்து எத்தனை ஆட்டங்களில் வென்றார், எத்தனையில் தோற்றார் என்று பார்த்து வரும்படி மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கணக்கைத் தேடப் போன இடத்தில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நெய்ஸ்மித் 1861 நவம்பர் 6ஆம் நாள் கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஆல்மாண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். 1870இல் குடற்காய்ச்சல் பரவியபோது தாயும் தந்தையும் சில வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அப்போது சிறுவனுக்கு வயது சுமார் ஒன்பதுதான். தாய்மாமன் பீட்டர் யங் என்பவர் குழந்தைகளைத் தம் பண்ணைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பண்ணை வேலைகளில் கெட்டிக்காரனாக இருந்த பையன் படிப்பில் அவ்வாறு இல்லை. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாம்களில் கூலி வேலைக்குப் போனான். சில ஆண்டுகள் காட்டிலே கழிந்தன. பின் என்ன தோன்றிற்றோ, தன்னைவிட வயதில் இளையவர்களோடு மீண்டும் பள்ளி வகுப்பில் வந்து உட்கார்ந்தான். இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். தறிக்கூடத்திலிருந்து வந்து முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

1883இல் மாண்ட்ரீல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1887இல் பட்டம் பெற்றார். அதன்பின் அங்கேயே சமயக் கல்வி பயின்று 1890இல் தேறினார். மதகுருவாக வேண்டும் என்பதே வீட்டாரின் விருப்பம். அவரோ ரக்பி, லக்ரோஸ், உடற்பயிற்சி என்று மைதானமே கதியாகக் கிடந்தார். சமயம் படிப்பவனுக்கு இது தகுமா என்று உடன் படித்தவர்கள் கவலைப்பட்டார்களாம். ஒழுக்கத்தை மேடையில் ஏறிப் போதிப்பதைப் போலவே மைதானத்திலும் போதிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1890இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இனி வருவதுதான் அவர் வாழ்வின் முக்கியமான இரண்டு வாரங்கள்.

ஸ்பிரிங்பீல்டில் குளிர்காலம் வந்துவிட்டால் வெளியே பனி. கால்பந்தும் இல்லை, பேஸ்பாலும் இல்லை. கூடத்துக்குள்ளே வரிசையாக நின்று கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிதான். வளர்ந்த ஆண்கள் 18 பேர் அடங்கிய ஒரு வகுப்பு இதைக் கண்டு சலித்துக் கலகம் செய்தது. முன்பிருந்த ஆசிரியர்கள் இருவர் அவர்களை அடக்க முடியாமல் கைவிட்டனர். துறைத் தலைவர் லூதர் கூலிக், அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் தள்ளி, கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை 14 நாட்களில் உண்டாக்கும்படி பணித்தார். நெய்ஸ்மித் முதலில் பழைய ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். ரக்பியை உள்ளே ஆடினால் எலும்பு முறியும். கால்பந்து ஆடினால் சன்னல் கண்ணாடி உடையும். லக்ரோஸ் மட்டையைச் சுழற்றினால் முகம் கிழியும். ஒவ்வொன்றும் தோல்வி. கெடு முடியப் போகிறது.

அப்போதுதான் அவர் ஆட்டங்களைப் பிரித்துப் போட்டுச் சிந்தித்தார். ஆய்வகத்தில் நாம் சோதனை செய்வதுபோன்ற முறை அது. ரக்பியில் ஏன் அடிதடி நேர்கிறது? பந்தை வைத்திருப்பவன் ஓடுகிறான். அவனை நிறுத்தக் கட்டிப்பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. பந்தோடு ஓடக்கூடாது என்று விதி செய்துவிட்டால் தள்ள வேண்டிய தேவையே இல்லை. அடுத்து இலக்கு. இலக்கு எதிரே செங்குத்தாக நின்றால் பலங்கொண்ட மட்டும் வேகமாக அடிக்கவே தோன்றும். இங்கே அவருக்குச் சிறு வயதில் ஆடிய ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. பெரிய பாறையின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, தூரத்திலிருந்து கல்லெறிந்து அதைத் தள்ள வேண்டும். அதைப் ‘பாறை மேல் வாத்து’ என்பார்கள். வேகமாக எறிந்து குறி தவறினால் கல் வெகுதூரம் போய்விடும். எடுத்து வருவதற்குள் காவல் நிற்பவன் பிடித்துவிடுவான். கெட்டிக்காரன் கல்லை மேல்நோக்கி வளைவாக மெல்ல எறிவான். ஆகவே இலக்கு கிடைமட்டமாகவும், தலைக்கு மேலே உயரத்திலும் இருந்துவிட்டால் முரட்டு வலிமைக்கு வேலை இல்லை, நிதானத்துக்கே வேலை.

எறிபொருள் ஒன்று பரவளையப் பாதையில் செல்லும் என்று முதலாம் ஆண்டில் கணக்குப் போட்டோம். அதற்கும் நான் கூடை தவறுவதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது நினைக்கவில்லை. வளையத்தின் விட்டம் 18 அங்குலம்; பந்தின் விட்டம் சுமார் ஒன்பதரை அங்குலம். பந்து செங்குத்தாக இறங்கினால் முழு வட்டமும் அதற்குத் திறந்திருக்கும். தாழ்வாகச் சாய்ந்து வந்தால் அதே வட்டம் குறுகிய நீள்வட்டமாகத்தான் பந்துக்குத் தெரியும். மரம் வெட்டியவர் இதைக் கணக்குப் போட்டுக் கண்டறியவில்லை, கல்லெறிந்து கண்டறிந்தார்.

1891 டிசம்பரில் ஒருநாள் காலை, 18 அங்குலச் சதுரப் பெட்டிகள் இரண்டு வேண்டும் என்று கட்டடக் காவலரிடம் கேட்டார். பெட்டி இல்லை. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டு இருந்தன. அவற்றைக் கூடத்தின் இரு முனைகளிலும் இருந்த மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்த மாடம் தற்செயலாகப் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் வளையம் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது! விதிகள் 13. தட்டச்சு செய்த இரண்டு தாள்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பந்து சாதாரணக் கால்பந்து. 18 பேர் என்பதால் பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டத்தில் வில்லியம் சேஸ் என்ற மாணவர் போட்ட ஒரே கூடையோடு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்தது. இந்த ஆட்டத்துக்கு நெய்ஸ்மித் பந்து என்று அவர் பெயரையே வைக்கலாம் என்று பிராங்க் மகான் என்ற மாணவர் சொன்னபோது அவர் சிரித்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து ஆயிற்று. அதற்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை.

அருகிலிருந்த பள்ளியின் ஆசிரியைகள் ஆரவாரம் கேட்டு எட்டிப் பார்த்து, தாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். அப்படி ஆட வந்தவர்களுள் ஒருவரான மாட் ஷெர்மனை 1894இல் நெய்ஸ்மித் மணந்துகொண்டார். பின் டென்வர் நகருக்குப் போய் ஒய்.எம்.சி.ஏ.வில் பணி செய்துகொண்டே மருத்துவம் படித்து 1898இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் வழிபாட்டுக் கூட இயக்குநராகவும் சேர்ந்தார். கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கும் அவரே முதல் பயிற்றுநர். நான் தேடிய கணக்கு இங்கேதான் கிடைத்தது. 1907 வரை அவர் பயிற்றுவித்த அணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. கன்சாஸ் அணியின் முழு வரலாற்றிலும் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பயிற்றுநர், அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவரே. கூடைப்பந்து பயிற்றுவிப்பதற்கு உரியதன்று, ஆடுவதற்கு மட்டுமே உரியது என்பது அவர் எண்ணம். மல்யுத்தமும் உடற்பயிற்சியுமே அவருக்கு அதைவிடப் பிடித்தவை. பல ஆட்டங்களில் பயிற்றுநர் இருக்கையில் அமராமல் நடுவராகக் களத்தில் நின்றார்.

அவரிடம் ஆடிய பாக் ஆலன் என்ற மாணவரோ இதற்கு நேர்மாறானவர். குருவின் கருத்தைக் கேட்டுக்கொண்டு, அதை மீறியே பயிற்றுநரானார். 1907இல் நெய்ஸ்மித்தின் இடத்துக்கே வந்தார். இடையில் விலகி 1919இல் திரும்பி 1956 வரை இருந்தார். கன்சாஸுக்கு 590 வெற்றிகள் தேடித் தந்தார். ஆலனிடம் ஆடிய அடால்ப் ரப் கென்டக்கியில் 876 வெற்றிகளும், டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879 வெற்றிகளும் கண்டனர். 55 எங்கே, இவை எங்கே!

ஆயினும் இவர்கள் அனைவரிலும் என் மனத்தில் தங்கியவர் ஜான் மக்லெண்டன். அவர் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். 1933இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். நெய்ஸ்மித்தே உன் வழிகாட்டி என்று போய்ச் சொல்லிவிடும்படி தந்தை சொல்லி அனுப்ப, மகன் அப்படியே போய் அவர் முன் நின்றாராம். 70 வயதைக் கடந்த ஆசிரியர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். வகுப்பில் இடம் கிடைத்தது. பட்டமும் 1936இல் கிடைத்தது. பள்ளியில் பயிற்சி ஆசிரியராகப் பணிபுரியவும் நெய்ஸ்மித் துணை நின்றார். ஆனால் பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவர் ஆட அனுமதி இல்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே அருகில் இருந்தும், அவருடைய மாணவர் அந்த அணியின் சட்டையை ஒருநாளும் அணியவில்லை. பெரியவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

மக்லெண்டன் வட கரோலினாவில் கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றின் பயிற்றுநரானார். இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவது அங்கே தடை செய்யப்பட்டிருந்தது. 1944 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை, ஊர் தேவாலயத்தில் இருந்த வேளையில், அவருடைய அணி டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியோடு கதவைப் பூட்டிக்கொண்டு ஆடியது. 88க்கு 44 என்று வென்றது. பின்னர் டென்னசியில் 1957, 1958, 1959 என மூன்றாண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் பெற்றார்.

நெய்ஸ்மித்தின் எஞ்சிய வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஒய்.எம்.சி.ஏ. பணி செய்தார். 1925இல் அமெரிக்கக் குடிமகனானார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. அதைக் காணச் செல்ல அவரிடம் வசதி இல்லை. பயிற்றுநர் சங்கத்தார் நாடெங்கும் நிதி திரட்டி அனுப்பிவைத்தனர். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண்தரையில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அவர் குடிமகனான அமெரிக்கா, அவர் பிறந்த கனடாவை 19க்கு 8 என்று வென்றது. 1939 நவம்பர் 28ஆம் நாள் கன்சாஸின் லாரன்ஸ் நகரில் காலமானார். பலகையில் ஒட்டிய அந்த இரண்டு தாள்கள் 2010இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. வாங்கியவர் கன்சாஸின் பழைய மாணவர்.

ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். எங்கள் உடற்கல்வி இயக்குநர் படித்ததும் அங்கேதான்.

55க்கு 60 என்று அவரிடம் போய்ச் சொன்னேன். தலையை அசைத்துவிட்டு, பந்து அறைச் சாவியைக் கையில் கொடுத்தார். அன்று மாலை அளவு நாடாவை வைத்து எங்கள் மைதானத்து வளையத்தை அளந்து பார்த்தேன். கம்பத்தடியில் மண் சேர்ந்து பத்தடிக்கு மூன்று அங்குலம் குறைவாக இருந்தது. சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் மண்வெட்டியோடு போய்ச் சரிசெய்தோம்.