துரதிருஷ்டத்தைக் கணக்கிட்டவர்

சூதில் தோற்றவர்கள் பெரும்பாலும் விதியின் மேல் பழி சுமத்துவர். அந்த விதியை எண்களால் அளக்க முடியுமா என்று முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர், தாமே தீராத சூதாடியாக இருந்தார். அவர்தான் ஜெரோலாமோ கார்டானோ.

இத்தாலியின் பாவியா நகரில், மணமாகாத பெற்றோருக்கு 1501-இல் பிறந்தவர் அவர். தந்தை வழக்குரைஞர், கணிதமும் அறிந்தவர். மகன் பதுவாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும், பிறப்பைக் காரணம் காட்டி மிலான் மருத்துவர் சங்கம் அவரை ஏற்க மறுத்தது. 1539-இல்தான் அக்கதவு திறந்தது. இடைப்பட்ட வறுமைக் காலத்தில் பகடையும் சீட்டும் அவருக்குப் பிழைப்பாயின; அவையே அவரைக் கெடுக்கவும் செய்தன. மனைவியின் நகைகளும் வீட்டுச் சாமான்களும் அடகுக்குப் போயின.

இன்றைய போக்கருக்கு முன்னோடியாகக் கருதப்படும் பிரிமேரோ என்னும் சீட்டாட்டம் அன்று இத்தாலியில் பரவியிருந்தது. அதையும் பகடையையும் ஆராய்ந்து லத்தீனில் ஒரு நூல் எழுதினார் கார்டானோ. இரு பகடைகளை உருட்டினால் விளையக்கூடியவை 36. குறிப்பிட்ட ஓர் எண் ஒரு பகடையிலேனும் விழுவது அவற்றுள் 11, விழாதவை 25. ஆகவே, அந்த எண்ணை நம்பியவர் தோற்பது கெட்ட நேரத்தால் அன்று. அதுவே எதிர்பார்க்க வேண்டிய முடிவு. 11 பணயம் வைப்பவர் வென்றால் 25 கிடைக்கும் என்றால்தான் ஆட்டம் நியாயமானது.

முடிவைக் கொண்டு ஆட்டக்காரரை மதிப்பிடலாகாது என்பதே இக்கணக்கு உணர்த்தும் பாடம். சரியாக ஆடியவரும் தோற்கலாம். தவறாக ஆடியவரும் வெல்லலாம். எனவேதான் பணயம் சிறிதாக இருக்க வேண்டும், எதிராளி சம நிலையினராக இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஆடாமல் இருப்பதே பெரிய ஆதாயம் என்றும் அவர் கருதினார். ஆனால், அறிந்தவரால் அதைக் கடைப்பிடிக்க இயலவில்லை. அதிருஷ்டம் என்றொரு தனிச் சக்தி உண்டென்றும் அவர் நம்பினார். சூதில் பொருளையும் காலத்தையும் நற்பெயரையும் இழந்ததைத் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கூறும் நூலை 1545-இல் வெளியிட்டு ஐரோப்பா எங்கும் புகழ்பெற்ற அவர்மீது, கணக்கில் அடங்காத அடிகள் விழுந்தன. மனைவிக்கு நஞ்சிட்ட குற்றத்துக்காக அவருடைய மூத்த மகன் 1560-இல் தூக்கிலிடப்படாமல், தலை வெட்டப்பட்டு மாண்டார். 1570-இல் சமய விசாரணை மன்றம் கார்டானோவைச் சிறைப்படுத்தியது. அதன்பின் ரோமுக்குச் சென்றார்; அங்கும் எழுதுவதை நிறுத்தவில்லை. முதுமையில் தன்வரலாற்றை எழுதி முடித்து, 1576-இல் மறைந்தார்.

சூதாட்டம் பற்றிய அவரது நூல் அச்சேறியது 1663-இல். அதற்கு 9 ஆண்டுகள் முன்னரே பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியே நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் இட்டுவிட்டனர். முதன்மைக்குரிய பெருமையும் அவருக்கு முழுமையாக வாய்க்கவில்லை.

வாய்ப்பைக் கணக்கிடுவது அறிவின் வேலை; இழப்பை மீட்கும் வெறியோடு மறுபடியும் பணயம் வைக்காதிருப்பது மனத்தின் வேலை. முன்னதை உலகுக்குக் கற்பித்த கார்டானோ, பின்னதைத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்துக் காட்டிச் சென்றார்.