இராஜாபாயின் மைந்தர் பிரேம்சந்த் ராய்சந்த்

திருப்புட்குழியில் வாழும் நாம் காஞ்சிக்குச் செல்ல வேண்டுமாயின் பாலுச்செட்டிச் சத்திரம் சென்று பேருந்து ஏற வேண்டும். நடத்துநர் நாள்தோறும் நூறு முறை அப்பெயரைக் கூவுகிறார். நாமும் சொல்லிச் சீட்டு வாங்குகிறோம். அச்செட்டியார் யாவர், எப்பொருளை விற்றார், எத்தகைய இல்லறம் நடத்தினார் என எண்ணிப் பார்ப்பவர் அரியர். ஈட்டிய பொருள் எங்கோ போயிற்று. ஈந்த பொருள் ஊரின் பெயராகி நிற்கிறது. அண்மையில் திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரைத் தொழுது மீளும்போது இந்நினைவு எழுந்தது. பருத்தி என்னும் சொல்லும் உடன் சேர, பருத்தியால் உயர்ந்து, பருத்தியால் வீழ்ந்து, ஈகையால் நிலைத்த மற்றொரு வணிகப் பெருமகனாரின் வரலாறு நம் உள்ளத்தில் தோன்றிற்று. அவரே பம்பாய்ப் பிரேம்சந்த் ராய்சந்த்.

பிரேம்சந்த் 1831-ஆம் ஆண்டு சூரத் நகரில் சைனக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த், தாயார் இராஜாபாய். அவர்கள் சுவேதாம்பரப் பிரிவினர். நாம் திகம்பர மரபினர். எனினும் அணுவிரதம் இரு சாரார்க்கும் பொதுவன்றோ! சூரத்தின் வாணிகம் மங்கிப் பம்பாய் வளர்ந்த காலமாதலின் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆங்கிலக் கல்வி பெற்ற பிரேம்சந்த் இருபது வயது நிரம்புமுன்னரே பங்குத் தரகில் இறங்கினார். ஆங்கிலம் எழுதவும் பேசவும் அறிந்த முதல் இந்தியத் தரகர் இவரே என்பர். அந்நாளில் தரகர்களுக்கெனக் கட்டடம் ஏதும் இல்லை. பம்பாய் நகர மண்டபத்தின் எதிரில் ஆலமர நிழலில் நின்றபடியே பேரம் பேசினர்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இப்பாடத்தை நாம் வகுப்பில் நடத்தியபோதெல்லாம் ஆபிரகாம் லிங்கனையும் அடிமை ஒழிப்பையும் சொல்லி முடித்துவிடுவோம். அப்போர் நம் நாட்டுப் பருத்திக் காட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லத் தவறிவிட்டோம். இங்கிலாந்தின் இலங்காஷயர் ஆலைகள் தங்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதியை அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தே பெற்றுவந்தன. வடவர் கப்பற்படை தென்மாநிலத் துறைமுகங்களை மறித்தவுடன் அப்பஞ்சு நின்றது. ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. விலை பன்மடங்கு ஏறிற்று. வெள்ளி வெள்ளமாய்ப் பம்பாயிற் பாய்ந்தது.

ஐரோப்பாவுக்குத் தந்தித் தொடர்பு 1865 வரை இந்தியாவுக்கு இல்லை. இலிவர்ப்பூல் சந்தையின் விலை நிலவரம் கப்பலில்தான் வரவேண்டும். பிரேம்சந்த் கப்பல் கரை சேரும்வரை காத்திராமல், படகுகளை நடுக்கடலுக்கு அனுப்பிச் செய்தியை முன்னதாகவே அறிந்துகொள்வாராம். பிறர் விலை அறியும் முன் இவர் கொள்முதலை முடித்திருப்பார். கூர்த்த மதி என்று இதனைப் புகழ்வாரும் உளர். அறியாத உழவனிடமும் சிறு வணிகனிடமும் வாங்கிய பொருளன்றோ என வினவுவாரும் உளர். நாம் இரண்டாமவர் பக்கமே சாய்கிறோம்.

பெருகிய பணம் போக்கிடம் தேடிற்று. 1865 தொடக்கத்தில் பம்பாய் நகரில் மட்டும் 31 வங்கிகள் இருந்தன என்றால் அக்காலத்து மயக்கம் எத்தகையது என உணரலாம். கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கெனத் தோன்றிய பேக்பே நிறுவனத்தின் பங்கு, செலுத்திய தொகை ஐயாயிரம் ரூபாயாக இருக்க, ஐம்பதாயிரம் வரை விலைபோயிற்று. தண்ணீருக்குள் கிடக்கும் நிலத்துக்கு அவ்விலை! இம்முயற்சிகள் பலவற்றின் நடுநாயகராக விளங்கியவர் பிரேம்சந்த். எவ்வங்கியில் எவர்க்குக் கடன் கொடுக்கலாம் என்பதும் இவர் குறிப்பறிந்தே நடந்தது.

ஈகை அப்பொழுதே தொடங்கிவிட்டது என்பதை நம் அன்பர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். 1857-இல் நிறுவப்பெற்ற பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாதிருந்தது. 1864 ஆகஸ்டு மாதம் நூலகம் ஒன்று கட்டுவதற்காக இரண்டு இலட்சம் ரூபாயை இவர் வழங்கினார். அக்டோபரில் மேலும் இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கி, நூலகத்தோடு மணிக்கூண்டு ஒன்றும் எழுப்பி, அதற்குத் தம் அன்னை இராஜாபாயின் பெயரைச் சூட்டுமாறு வேண்டினார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் இவர் ஈந்தது இரண்டு இலட்சம். பரூச் நகரின் நூலகமும் சூரத் நகரின் பெண்கள் பள்ளியும் தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் பெயரைத் தாங்கின. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானத்துள் இவர் நெஞ்சம் பெரிதும் நாடியது கடைசியாக நிற்கும் சாத்திர தானத்தையே.

இவற்றினும் நம்மைக் கவர்ந்த கொடை ஒன்றுண்டு. அகமதாபாத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றிய கல்லூரி, பிரேம்சந்த் ராய்சந்த் பயிற்சிக் கல்லூரி எனவே பெயர் பெற்றது. பெருங்கொடையாளர் கோபுரம் கட்டுவர், மண்டபம் கட்டுவர். சிற்றூர்ப் பள்ளியில் அரிச்சுவடி கற்பிக்கப் போகும் ஓர் எளிய ஆசிரியனின் பயிற்சிக்குப் பணம் கொடுக்க எத்தனை பேர் முன்வருவர்? ஆசிரியப் பயிற்சி விடுதியில் தகரப் பெட்டியும் பாயுமாகத் தங்கி, பாடத்திட்டக் குறிப்பேடு எழுதி எழுதி விரல் காய்த்த நம்போன்றோர்க்கே அக்கொடையின் அருமை தெரியும்.

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிவுற்றது. பஞ்சு விலை சரிந்தது. தவணை பேசி வாங்கிய பங்குகளுக்கெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டிய நாளாக ஜூலை 1 குறிக்கப்பட்டிருந்தது. அந்நாள் வந்தபோது கொடுப்பாரும் இல்லை, கொள்வாரும் இல்லை. நேற்றுவரை இலட்சாதிபதிகளாயிருந்தோர் வீடு வாசலை இழந்தனர். பிரேம்சந்தும் வீழ்ந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்து நான்கு.

அவரோடு பம்பாய் வங்கியும் நொறுங்கியது. 1840 முதல் நடந்துவந்த அவ்வங்கியில் அரசும் பங்கு வைத்திருந்தது. அதன் செயலர் பிரேம்சந்தின் சொல்லைத் தட்டாது, தக்க ஈடு பெறாமலே கடன் வழங்கியிருந்தார். முதலில் பெரும்பகுதி கரைந்து, 1868-இல் வங்கி கலைக்கப்பட்டது. சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு பிரேம்சந்தையும் விட்டுவைக்கவில்லை. சைனப் பெருமக்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் இப்பகுதியை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். நாம் அங்ஙனம் செய்ய மனம் ஒப்பவில்லை. அவ்வங்கியை நம்பிப் பணம் போட்ட குடும்பங்கள் எத்தனையோ! மிகுபொருள் விரும்பாமை என்பது இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. பொருளுக்கு வரையறை வகுத்துக்கொள்ளாத ஆண்டுகளே அவர் வாழ்வில் இழுக்கு நேர்ந்த ஆண்டுகள். அறம் செய்தவர் என்பதனால் இதனை மறைத்தால், அவருடைய பிற்கால வாழ்வின் பெருமையும் மறைந்துபோகும்.

ஏனெனில் அவர் நகரை விட்டு ஓடவில்லை. கடன் கொடுத்தோர் நிறைந்த அதே வீதிகளில் நடந்து, அதே தரகுத் தொழிலுக்கு மீண்டார். அவ்வீழ்ச்சிக்குப்பின் நாற்பத்தோராண்டு உயிர் வாழ்ந்தார் என்பதைச் சிலரே நினைக்கின்றனர். 1875-இல் பம்பாய்த் தரகர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 318 பேர் சேர்ந்த அச்சங்கத்தின் நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். இன்று பம்பாய்ப் பங்குச் சந்தை என உலகறிந்த அமைப்பின் தொடக்கம் அதுவே. அதனைத் தோற்றுவித்தோர் வரிசையில் பிரேம்சந்தும் இருந்தார். ஒழுங்கற்ற பேரத்தால் நகரம் அழிந்ததைக் கண்கூடாகக் கண்டவர்கள் ஒழுங்கான சங்கம் ஒன்றை விரும்பியதில் வியப்பில்லை. மைந்தர்களையும் அத்தொழிலிலேயே பழக்கினார். அவர்களுள் கிகாபாய் பிற்காலத்தில் சர் பட்டம் பெற்றார்.

தந்தவை தப்பின. வங்கிகள் மறைந்தன, நிறுவனங்கள் மறைந்தன. பல்கலைக்கழகத்தின் கையில் 1864-இல் சேர்ந்துவிட்ட பணம் மட்டும் சிதையாமல் இருந்தது. இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், பம்பாயை ஒருமுறையேனும் பாராமலே வரைபடம் அனுப்பினார். 1869 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1878 நவம்பரில் பணி நிறைவுற்றது. உயரம் 280 அடி. அந்நாளில் அந்நகரில் அதனினும் உயர்ந்த கட்டடம் இல்லை.

இராஜாபாய் அம்மையார் கண்பார்வை இழந்தவர் எனவும், கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்பை வழுவாது காக்க, பிறர் துணையின்றி நேரம் அறியும்பொருட்டே மைந்தர் மணிக்கூண்டு எழுப்பினார் எனவும் ஒரு வரலாறு வழங்குகிறது. குடும்பத்தின் மாளிகை இருந்ததோ பைகுல்லாவில். கூண்டு நிற்பதோ கோட்டைப் பகுதியில். இடையே சில கிலோமீட்டர் தொலைவு. அம்மணியோசை அத்துணைத் தூரம் சென்றிருக்குமா எனக் கணக்கு ஆசிரியர் கேட்கக்கூடும். கேட்கட்டும். இக்கதை நம் இல்லங்களில் உடனே ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் வேறு. மாலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டி, ஐந்தரைக்குள் இலை போட்டு, மேகம் மூடிய நாளில் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்து பொழுதை அளந்த அன்னையரை நாம் கண்டிருக்கிறோம். நம் அன்னையார் முதுமையில் கண் மங்கியபோது, பள்ளி விட்டு நாம் வீடு சேரும் நேரத்தைக்கொண்டே பொழுதறிந்தார். ஒரு நாள் ஆய்வாளர் வருகையால் நாம் பிந்திவிட்டோம். இருட்டியது அறியாமல் உண்டுவிட்டோமோ என அஞ்சி, அவர் அன்றிரவு முழுதும் பட்டினி கிடந்தார். அதற்குப் பிறகே வீட்டில் மணியடிக்கும் கடிகாரம் ஒன்று வாங்கினோம்.

கல்கத்தாவுக்குத் தந்த பணத்திலிருந்து 1866-இல் பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை ஏற்பட்டது. கடுமையான தேர்வில் வென்றோர்க்கே அது கிட்டும். அசுதோஷ் முகர்ஜி, வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார், ஆர். சி. மஜும்தார் ஆகியோர் அதனைப் பெற்றவர்கள். இவர்களுள் அசுதோஷ் பின்னாளில் துணைவேந்தராகி, நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனை அரசுப் பணியிலிருந்து வருவித்துப் பேராசிரியராக அமர்த்தினார். கல்கத்தா மாணவர்க்கெனக் கொடுத்த பணம் சுற்றி வளைந்து ஒரு தமிழரிடமும் வந்து சேர்ந்தது என நாம் மகிழலாம்.

பிரேம்சந்த் 1906-இல் மறைந்தார். பைகுல்லாவில் அவர் வாழ்ந்த மாளிகை பிற்காலத்தில் கிறித்தவக் கன்னியர் கைக்கு வந்து, பெண்குழந்தைகள் பயிலும் இடமாயிற்று. மணிக்கூண்டு பழுதுபார்க்கப்பெற்று 2015-இல் புதுப்பொலிவு அடைந்தது. அது நிற்கும் பகுதியை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது. வழியிற் போவோர் மணி பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கின்றனர். கூண்டைக் குறிக்கும்போது அவர்கள் சொல்வது இராஜாபாயின் பெயரைத்தான். மைந்தர் பெயரை அறிந்தவர் சிலர்.