வலியே இல்லை, அப்புறம் எதுக்கு எக்ஸ்ரே? ஜான் சார்ன்லியின் கதை

உங்க அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிச் சில வருஷம் ஆச்சு, வலியே இல்லை. ஆனாலும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்றார். ஏன்? பதில், 1911-ல் இங்கிலாந்தில் பிறந்த ஜான் சார்ன்லியின் வாழ்க்கையில் இருக்கிறது.

ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950-களின் இறுதியில் அவர் டெஃப்லான் கிண்ணம் பொருத்தி இடுப்பு மூட்டுகளை மாற்றினார். ஆமா, நான்ஸ்டிக் தவாவில் இருக்கிற அதே டெஃப்லான்தான். சுமார் 300 பேர், வலி நீங்கி நடந்தார்கள். சில ஆண்டுகளில் எக்ஸ்ரே வேறு கதை சொன்னது. உலோகப் பந்து கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. உதிர்ந்த துகள்களால் சுற்றியிருந்த எலும்பும் அரித்திருந்தது. பலருக்கு மறுபடியும் அறுவை சிகிச்சை.

அடுத்த பொருளை, டெஃப்லானோடு சேர்த்துத் தன் தொடையிலேயே வைத்துச் சோதித்தார் மனுஷன். 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாதே? அதனால் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய உலோகக் கம்பி. பந்துக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி குறைந்தால், அவ்வளவு தேய்மானம்.

1977-ல் சர் பட்டம் பெற்ற சார்ன்லி, 1982-ல் காலமானார். அம்மாவோட பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போட்டுடாதீங்க. புதுப் படத்தை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.