ஏ.சி. குழாய்க்குக் கருப்பு உறை எதற்கு? வில்லிஸ் கேரியர் போட்டுவைத்த கணக்கு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில், கோவையில் ஏ.சி. மாட்டிய வீடுகளில் ஒரு புகார் அடிக்கடி வரும். ஃபால்ஸ் சீலிங்கில் ஈரத்திட்டு. மெஷின் ஒழுகுது என்று நினைப்பார்கள். டிரெயின் பைப் அடைத்திருக்கலாம்; அது இல்லையென்றால், பல நேரம் வேர்ப்பது செம்புக் குழாய்தான்.

இந்த வேர்வையின் கணக்கை 100 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் வில்லிஸ் கேரியர். ஏ.சி. பெட்டிகளில் பிராண்டாக ஒட்டியிருக்கும் அதே பெயர்.

1876இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற சிற்றூரில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். பின்னக் கணக்கு புரியாமல் திணறிய பையனுக்கு அம்மா ஆப்பிளை வெட்டி வெட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவனுக்கு 11 வயதானபோது அம்மா இறந்துபோனார். உதவித்தொகையில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1901இல் பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வாரம் 10 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

மறு ஆண்டே புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் சிக்கல் அவரிடம் வந்தது. காற்றின் ஈரம் கூடிக் குறைய, காகிதம் விரிந்து சுருங்கியது. கலர் மேல் கலர் சரியாக உட்காரவில்லை. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக, முதல் ஏ.சி. மனிதர்களுக்காக வந்ததல்ல, காகிதத்துக்காக வந்தது.

அதே ஆண்டு பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் பனிமூட்டத்தைப் பார்த்து நின்றபோது அவருக்குப் பிடிபட்டது இதுதான்: காற்றை ஈரத்தால் நிறைத்து, அந்த நிலையில் அதன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தினால் ஈரத்தின் அளவையும் கட்டுப்படுத்தலாம். காற்றிலுள்ள நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிநிலை. 1906இல் காப்புரிமை பெற்றார். 1911இல் சூத்திரங்களை வெளியிட்டார்.

'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லைத் தந்தவர் அவரல்ல. பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர், 1906இல். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய கோவைக்கு இது அந்நியமான சேதி இல்லை. காற்று காய்ந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். அதனால்தான் நூற்பாலைகளில் ஈரப்பதக் கருவிகள் ஓடுகின்றன.

முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் கேரியரின் பிரிவை நிறுவனம் மூடியது. ஆறு நண்பர்களுடன் 32,600 டாலர் திரட்டி, 1915இல் சொந்த நிறுவனம் ஆரம்பித்தார். 1950இல் மறைந்தார்.

இனி வீட்டுக் குழாய். 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை சுமார் 24 டிகிரி. ஏ.சி.யின் தடித்த குழாயில் திரும்பும் வாயுவோ 10 டிகிரியை ஒட்டி இருக்கும். வெறும் செம்பு அந்தக் காற்றில் பட்டால் வேர்க்காமல் என்ன செய்யும்? கருப்பு நைட்ரைல் ரப்பர் உறையின் மேற்புறம் பனிநிலைக்கு மேலேயே நிற்கிறது. அதன் மூடிய நுண்ணறைகள் ஈரக்காற்றையும் உள்ளே விடுவதில்லை. ஒரு இடத்தில் இடைவெளி விட்டாலும் ஆவி புகுந்து, உறைக்குள்ளேயே தண்ணீர் கட்டும்.

பல ஸ்பிளிட் ஏ.சி.க்களில் மெல்லிய குழாயும் குளிர்ந்தே வருகிறது. எனவே இரண்டுக்கும் தனித்தனி உறை வேண்டும். ஒன்றாகச் சேர்த்து டேப் சுத்துறது போதாது. நட்டு இணைப்புகளுக்கு மட்டும், வாயுக் கசிவு இல்லை என்று சோதித்த பிறகே உறை போட வேண்டும்.