பாரதியாரும் வர்ணமெட்டும்

டில்லியில் மகாகவி பாரதியார் பெயரால் ஒரு சாலை உண்டு. அவர் பாட்டுக்கள் நம் சரோஜினி நகர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவற்றுட் பல இசையோடு பிறந்தவை என்பதை மட்டும் நாம் மறந்து வருகின்றோம்.

1882-இல் எட்டயபுரத்தில் தோன்றியது, 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்தது, 1908-இல் புதுவை புகுந்து பத்தாண்டுகள் வாழ்ந்தது ஆகியவை யாவரும் அறிந்தனவே. அன்னாரின் செவியைப் பற்றியே நாம் கூற விழைகின்றோம். தெருவில் கேட்ட பாம்புப்பிடாரன் குழலும் குடுகுடுப்பை ஒலியும் அவரிடம் கவிதையாயின. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், பண்ணையாளான நந்தனாரை வேதியர் கடிந்துகொள்ளும் பாட்டொன்று உண்டு. அதன் வர்ணமெட்டிலேயே, சுதந்தரம் நாடும் இந்தியனை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் அதட்டுவதாக நம் கவிஞர் புதுப்பாட்டு அமைத்தார். மெட்டு காதில் விழுந்ததுமே பாதிப் பொருள் விளங்கிவிடுமன்றோ! 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபத முதற் பாகத்திலும் நொண்டிச் சிந்து கேட்கின்றது.

பொருளுணராது பாடும் வித்துவான்களை அவர் கட்டுரை எழுதிக் கண்டித்ததும் உண்டு. அது வேறு கதை.

புதுவைக் கடற்கரை நிலவில் அவர் தம் புதுப்பாட்டுக்களைக் கம்பீரமாகப் பாடியதை வ. வே. சு. ஐயர், கண்ணன் பாட்டின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் வியந்து எழுதியுள்ளார். 1921-இல் சென்னையில் அக்குரல் ஓய்ந்தது. ஆயினும் பல பாட்டுக்களின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சில் நிற்கின்றன. பிள்ளைகள் ஒப்புவிக்கையில் அந்த வரியைத் தாண்டிவிடுகின்றனர். இவ்வாண்டு விழாவில் ஒரு பாட்டையேனும் அவ்வரியிலிருந்து தொடங்கிக் கேட்க ஆசைப்படுகின்றோம்.